ஆனைச்சொறியனுக்கு ஒரு சந்தனப் பொட்டு

எழுபத்தோரு வயதில் ஒருவன் முதல் தடவையாக இந்தியாவுக்குப் போகிறான் என்றால் காசி, ராமேசுவரம், தாஜ்மகால் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். நான் ஒரு செடியைப் பார்க்கப் போனேன். அதுவும், தைப்பிங்கில் என் வீட்டுப் பின்பக்கக் கால்வாய் ஓரம் தானாக முளைத்துக் கிடக்கும், நாய்கூடக் கிட்டப் போகாத ஒரு செடியின் பங்காளியை.

எங்கள் ஊர் மலாய்க்காரர்கள் அதை ஜெலாத்தாங் என்பார்கள். வால்பாறைப் பக்கம் அதன் பங்காளிக்கு ஆனைச்சொறியன் என்று பெயர். செந்தட்டி பட்டுச் சொறிந்தவர்கள் இதைப் படித்தால், அந்தச் செந்தட்டி இதற்குப் பேரப்பிள்ளை முறை என்று வைத்துக்கொள்ளலாம். மழைக்காட்டுச் செடி. இலை அகலமாக, பளபளப்பாக, தொடச் சொல்லும்படி இருக்கும். நரம்பிலும் காம்பிலும் பூனைமுடி போலச் சுணை. ஒவ்வொரு சுணையும் ஒரு கண்ணாடி ஊசி, உள்ளே விஷம். பட்ட இடம் சூட்டுக்கோல் இழுத்த மாதிரி எரியும். தண்ணீர் பட்டால் அடங்கிய வலி மறுபடி எழுந்து உட்காரும். இலை காய்ந்து கீழே விழுந்த பிறகும் ஊசி ஊசிதான்.

மலைக்காட்டு நாற்றுப் பண்ணை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் மேற்பார்வையாளராக இருந்தேன். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் கேட்டதால் பதினான்கு ஜெலாத்தாங் செடிகளை வலைக்கூண்டுக்குள் வளர்த்தேன். ஒரு தடவைகூடக் குத்து வாங்கியதில்லை. திறமை என்று சொல்ல மாட்டேன். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

என் தம்பி மகள் ரேவதி தைப்பிங்கில் பிறந்து, ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தக் கம்பெனியில் ஒரு கொட்டகையைக் கேட்டு வாங்கி, ஆறு பெண்களை வைத்துக்கொண்டு கையுறை செய்து வந்தாள். ஆஸ்திரேலியாவில் காட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை விற்கும் ஒரு நிறுவனம் அவளிடம் மாதிரி கேட்டிருந்தது. மூன்று தடவை அனுப்பினாள். மூன்று தடவையும் ‘சுணை உள்ளே போகிறது’ என்று திரும்பி வந்தது. சாம்பிள் கடல் தாண்டிப் போய் வந்தால்தான் தப்பு தெரியும் என்ற நிலை பிடிக்காமல், வால்பாறையில் தெரிந்த ஒரு எஸ்டேட்காரரிடம் நாற்று வாங்கி, செடியைத் திருப்பூர்ச் சீமையிலேயே வளர்க்க ஆரம்பித்துவிட்டாள். மழையே எட்டிப் பார்க்கத் தயங்கும் ஊரில் மழைக்காட்டுச் செடி!

“பெரியப்பா, மூணு நட்டேன். ரெண்டு செத்துப்போச்சு. நீங்க வந்தே ஆகணும்லா” என்று போனில் சொன்னாள். எங்கள் ஊர்ப் பேச்சின் அந்த ‘லா’வைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது.

கோவை விமான நிலையத்தில் மாப்பிள்ளை கதிர்வேல் வந்து நிற்பார் என்றாள். நிற்கவில்லை. கைப்பேசியில் கூப்பிட்டால், “வண்டி பஞ்சருங்க பெரியப்பா, அங்கயே சித்த நில்லுங்க” என்றார். நான் ஓரிடத்தில் நிற்கிறவன் இல்லை. நின்றால் கவலை வந்துவிடும். திருப்பூர் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் நகர்ந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குச் சொல்லவில்லையே என்ற கவலை வந்தது.

திருப்பூரில் இறங்கி, ஊத்துக்குளி பஸ் எங்கே நிற்கும் என்று நாலு பேரிடம் கேட்டு நாலு திசைகளைப் பெற்றுக்கொண்டு ரோட்டோரமாக நின்றேன். வெள்ளை வேன் ஒன்று என் பெட்டியை உரசுவது போல வந்து நின்று கதவைத் திறந்தது. “ஏறுங்க தாத்தா, நேரமாச்சு, ஏறுங்க!” என்று உள்ளேயிருந்து ஒரு கை என்னை இழுத்தது. இவ்வளவு மரியாதையான பஸ்ஸா என்று ஏறிவிட்டேன்.

பன்னிரண்டு பேர் உட்காரக்கூடிய வேனில் என்னைச் சேர்த்து இருபத்து மூன்று பேர். பாதிப் பேர் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தூக்குப்போசியிலிருந்து இட்லி சாப்பிட்டபடியே என்னை விசாரித்தாள்.

“தாத்தா எந்த செக்‌ஷன்? கட்டிங்கா, பேக்கிங்கா?”

“நான் ஒரு செடி பார்க்க வந்தேன்.”

“ஓ, தோட்டக்காரரா! நாங்க புது வாட்ச்மேன்னுல்லா நெனச்சோம்” என்றாள். வேன் முழுக்கச் சிரித்தது.

இறங்கிய இடம் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு கம்பெனியின் வாசல். அடையாள அட்டை கேட்ட வாட்ச்மேனிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். அவர் அதை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எம்ப்ளாயி நம்பர் இல்லீங்களே சாமி” என்றார். பிறகு நிலைமை புரிந்து நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, ரேவதியைப் போனில் அழைத்துச் சொன்னதும் அவர்தான். எங்கள் ஊரில் தப்பான வாசலில் நின்றால் தூரத்திலிருந்தே கையை ஆட்டுவார்கள். டீ கிடைக்காது.

ரேவதி ஸ்கூட்டரில் வந்தாள். என் பெட்டி அவள் காலுக்கிடையில், நான் பின்னால். நொய்யல் பாலத்தைக் கடக்கும்போது கீழே சாயம் கலந்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் போனது. “நேத்து பச்சை” என்றாள், வானிலை சொல்வது போல. தைப்பிங் கால்வாயில் எப்போதும் ஒரே நிறம், டீ நிறம்.

வீட்டு வாசலில் அவள் மாமனார் சென்னியப்பன் கைகூப்பி நின்றார். என் வயதுதான். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, முறுக்கிய மீசை. கம்பெனியில் முதல் முடிவும் கடைசி முடிவும் அவருடையதுதான்.

“வாங்க சம்பந்தி, வாங்க. பிரயாணம் சௌரியமுங்களா? மொதல்ல ஊட்டுக்குள்ள வந்து ஒரு வாய் மோர் குடிங்க. செடி எங்கீங்க ஓடிப்போகுது?”

மோருக்குப் பிறகு அரிசிம்பருப்பு சோறு. அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்துப் பூண்டு தட்டிப் போட்டது. அதன் உச்சியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஊத்துக்குளி வெண்ணெய். எனக்குக் கொழுப்பு ஆகாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றேன். “அது உங்க ஊரு வெண்ணெய்க்குச் சொல்லியிருப்பாருங்க” என்று இன்னொரு உருண்டையை வைத்தார். அந்த வீட்டில் வெண்ணெய்க்கு வேலை நிறைய. உதட்டு வெடிப்புக்கு, குழந்தையின் வயிற்று வலிக்கு, பூட்டு துருப்பிடித்தால் பூட்டுக்கு.

சாப்பிட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நான் ஒண்ணே ஒண்ணுதானுங்க சொல்லிப்போட்டேன். இங்க நாப்பத்தாறு பேரு வேலை செய்யறாங்க. சொந்த ஊர உட்டுப்போட்டு நம்மள நம்பி வந்த புள்ளைங்க. அதுல ஒருத்தரு மேல அந்தச் செடி பட்டுதுன்னு வைங்க, அன்னைக்கே டீசல் ஊத்திக் கொளுத்திப்போடுவேன். கையுறைக் கொட்டகையும் பழையபடி குடோன் ஆயிருமுங்க. எங்க கண்ணுகிட்டவும் எல்லாரும் இருக்கையில சொல்லிப்போட்டேன்.”

கண்ணு என்றது ரேவதியை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என் கவலைகளில் ஒன்று கூடியது. அந்தச் செடியைக் கொளுத்தினால் புகையும் ஆகாது என்று அவருக்கு யார் சொல்வது?

செடி, இஸ்திரிக் கொட்டகைக்குப் பின்னால், பாதியாக வெட்டிய நீலப் பீப்பாயில் நின்றது. சுற்றிலும் வலைக்கூண்டு, பூட்டு. கொட்டகைக்குள் சஞ்சய் என்ற பீகார்ப் பையன் நாள் முழுக்க நீராவி மேசையில் பனியன்களுக்கு இஸ்திரி போடுகிறான். அந்த நீராவியை ஒரு குழாய் வழியாக நேரே செடிக்குத் திருப்பிவிட்டிருந்தாள் ரேவதி. ஈரம் கிடைக்கும் என்ற எண்ணம். எட்டு இலை. எட்டிலும் நுனி கருகிச் சுருண்டிருந்தது.

“ஈரம்தான் கேட்கிறது. வேகவைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இது இட்லி இல்லையம்மா” என்றேன்.

குழாயைக் கூண்டிலிருந்து எட்டடி தள்ளித் திருப்பினோம். நீராவி ஆறிப் பனியாக வரும்படி நடுவில், வெட்டி மிஞ்சிய துணியான பனியன் வேஸ்ட்டை நனைத்துத் திரையாகத் தொங்கவிட்டோம். அந்த ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பனியன் வேஸ்ட்டுக்கு வராது. மேற்கே காற்று படாமல் தென்னந்தட்டி. வெயில் பொட்டுப் பொட்டாக மட்டும் விழும்படி பச்சை வலை. மழைக்காட்டில் பெரிய மரம் ஒன்று சாய்ந்தால் அந்த இடைவெளியில் முளைக்கிற சாதி இது. இருட்டும் கூடாது, வெயிலும் கூடாது. என்னைப் போல.

பிறகு, கையாளும் முறையைச் சொல்லிக்கொடுக்க எல்லாரையும் கூட்டினேன். கூண்டுப் பக்கம் துடைப்பமே கூடாது, காய்ந்த சுணை தூசியோடு பறந்து மூக்கில் ஏறும் என்றேன். விழுந்த இலையை நீளக் குறடால் எடுத்து மூடிபோட்ட டின்னில் போட வேண்டும். கையுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்க வேண்டும். அதோடு முகத்தைத் தொடக்கூடாது. பட்டுவிட்டால் தேய்க்கக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, பசை நாடாவை ஒட்டி உரித்துச் சுணையைப் பிடுங்கிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். இதையெல்லாம் நான் கனத்த கோட்டு, முகமூடி, கண்ணாடி, முழங்கால் பூட்சுடன் அந்த வெயிலில் நின்றுகொண்டு சொன்னேன்.

செக்கிங் மேசைக்குப் பொறுப்பான மரியபுஷ்பம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “ஐயா செடிக்குத் தண்ணி ஊத்தப் போறாவளா, சந்திரனுக்குப் போறாவளா?” என்றார். நாற்பத்தாறு பேரும் சிரித்தார்கள். சஞ்சயும் இந்தியில் ஏதோ சொன்னான். ரேவதி மொழிபெயர்த்தாள்: “எங்க ஊர்ல தேன் எடுக்கறவங்களே இதுல பாதிதான் போடுவாங்களாம்.”

சென்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. கை கட்டி நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்.

மண்ணுக்குத் தேங்காய் நார்த்தூள் வேண்டும் என்றேன். மறுநாள் கதிர்வேல் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, அமராவதி ஆற்றுப்படுகையில் இருக்கும் கொமரலிங்கத்துக்குக் கொண்டுபோனார். போகிற வழியெல்லாம் காய்ந்த காடு, வேலமரம், ஆடு. கொமரலிங்கத்தில் திடீரென்று யாரோ பச்சைத் துணியை விரித்த மாதிரி வயல், தென்னை, வாய்க்கால் சத்தம். எனக்குத் தைப்பிங் ஞாபகம் வந்து, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தேன். வந்தது. திரும்பும்போது நார்த்தூள் மூட்டைக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் நான். மூட்டை நனைந்து நனைந்து இரண்டு மடங்கு கனத்தது. தாராபுரம் தாண்டி அது ஒரு பக்கம் சரிய, நானும் அதே பக்கம் சரிய, மூன்று பேரும் மெதுவாக ஒரு சோளக்காட்டுக்குள் இறங்கினோம். யாருக்கும் அடி இல்லை. காட்டுக்காரர் ஓடிவந்து, “ஏனுங்க, வந்தது வந்தீங்க, ஒரு எளனி குடிச்சுப்போட்டுப் போங்க” என்றார். எங்கள் ஊரில் இதற்குப் போலீஸ் வரும்.

செடி பிழைத்துக்கொண்டது. கருகிய இலைகள் இரண்டு உதிர்ந்தன, புதிதாக ஐந்து வந்தன. ஆயுத பூஜைக்கு முன்தினம் எண்ணியபோது பதினொன்று. தினமும் காலையில் நான் எண்ணுவதற்கு முன்பே சென்னியப்பன் அங்கே நின்றிருப்பார். “பத்துங்களா?” என்பார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. “பத்து” என்பேன். “வளந்து என்னத்தப் பண்ணப்போகுது” என்று சொல்லிவிட்டு நடப்பார்.

ரேவதியின் நாலாவது மாதிரிக் கையுறை தயாரானது. முதல் மூன்றில் துணியை மேலும் மேலும் தடிமனாக்கியிருந்தாள். பின்னலாடை ஊரில் எல்லாரும் அப்படித்தான் யோசிப்பார்கள். துணி போதவில்லையா, கனத்தைக் கூட்டு. ஆனால் பின்னல் துணி எத்தனை தடிமனானாலும் கண்ணி கண்ணிதான். கையை மடக்கினால் கண்ணி வாய் திறக்கும், சுணை நுழையும். நாலாவதில், பின்னிய கையுறையை ரப்பர் பாலில் முக்கி எடுத்திருந்தாள். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து பீப்பாயில் வரும் பால். மூடியைத் திறந்ததும் எழுந்த அந்த நாற்றத்தில் நான் சின்ன வயதில் படித்த ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். மணிக்கட்டில் மட்டும் பாலில் முக்காத ரிப் பட்டை, பனியன் கழுத்தில் வருமே, இழுத்தால் விரிந்து விட்டால் கவ்விக்கொள்ளும், அந்தப் பட்டை. “திருப்பூர் ரிப் பெரியப்பா, உலகத்துல எங்கயும் இப்படிக் கவ்வாது” என்றாள்.

சோதனைக்கு ஒரு மரக்கை வைத்திருந்தாள். அதற்குக் கறுப்புத் துணி சுற்றி, மேலே கையுறையை மாட்டி, ஒரு கம்பில் கட்டி, இலையில் அழுத்தித் தேய்த்தோம். பிறகு கையுறையைக் குறடால் உருவிவிட்டு, துணியில் கண்ணி எண்ணும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். எண்ணுவதற்கென்றே ஒரு கண்ணாடி வைத்திருக்கிற ஊர்! நான் அங்கேயே பிறந்திருக்கலாம். பழைய மூன்றாவது மாதிரியில் ஒரு சதுர அங்குலத்தில் பத்தொன்பது சுணை. நாலாவதில் ஒன்றுமில்லை. இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் ஒன்றுமில்லை.

பூஜை முடிந்த மறுநாள் பார்சல் போவதாக ஏற்பாடு.

ஆயுத பூஜையன்று கம்பெனியை அடையாளமே தெரியவில்லை. வாழைக்கன்று, கலர்த்தாள் தோரணம், புதுச்சட்டை. சென்னியப்பன் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகப் புறப்பட்டார். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். தையல் மெஷின் முப்பத்தெட்டு. கத்தரிக்கோல் ஒவ்வொன்றுக்கும். பாய்லர், தராசு, வேன், டீக் கெட்டில், தீயணைப்பு வாளி, வாட்ச்மேனின் விசில், மரக்கை. “உழைக்கற சாமான் எதையும் உடப்படாதுங்க. உட்டா அதுக்கு மனசு நோகும்” என்றார். நூற்று அறுபத்து மூன்று பொட்டு வரை எண்ணினேன். பிறகு பூசணிக்காய் உடைத்த சத்தத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது.

பூஜை முடிந்து பொரி கொடுக்கும் நேரம். சென்னியப்பனை எங்கோ காணோம் என்றார்கள். பிறகு வந்தார். தட்டின் முன்னால் நின்று பொரியும் சுண்டலும் பொட்டலமாக ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். வரிசை நகர்ந்தது. மரியபுஷ்பத்தின் முறை வந்தபோது அவர் பொட்டலத்தை வாங்கவில்லை.

“மொதலாளி, என்ன இது, இடது கையால தாறிய?”

வரிசை நின்றது. பீச்சாங்கையால் பிச்சைகூடப் போடாத மனிதர் அவர். வலது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமில்ல புள்ள. வாங்கிட்டுப் போ.”

“துண்டை எடுங்க.”

“ஒண்ணுமில்லீங்கறேன்ல.”

ரேவதி வந்து துண்டை எடுத்தாள். மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போட்ட மாதிரி, சிவந்து தடித்திருந்தது. கூண்டுப் பக்கம் ஓடினேன். பூட்டு திறந்திருந்தது. பீப்பாய்மேல் நாலாவது மாதிரிக் கையுறை, நான் சொன்னபடியே உள்பக்கம் வெளியே உரித்து, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஆனைச்சொறியனின் பதினோரு இலையிலும் பதினோரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

திரும்பி வந்தால் அங்கே ஒரே கூச்சல். யாரோ வெண்ணெய் கொண்டுவந்துவிட்டார்கள். “பூசிப்போட்டாச் சரியாயிருமுங்க” என்று அவரும் கையை நீட்டினார்.

“வெண்ணெய் வேண்டாம்! பூசினால் நாடா ஒட்டாது! தண்ணீரும் வேண்டாம்! டேப், டேப்!” என்று நான் கத்தியது தெரு முனை வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

டேப்புக்கு அந்த ஊரில் தேடவே வேண்டாம். கறுப்புப் பனியனில் ஒட்டிய வெள்ளைப் பஞ்சை எடுக்க, செக்கிங் பெண்கள் பசைப்பக்கம் வெளியே தெரியும்படி விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். மரியபுஷ்பம் ரப்பர்க் கையுறை மாட்டிக்கொண்டு டேப்பை மணிக்கட்டில் ஒட்டி, ஒரே இழுப்பாக இழுத்தார். சென்னியப்பன் முருகா என்றார். நான் ஒவ்வொரு துண்டையும் வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முதல் துண்டில் ஐம்பதுக்கு மேல். ஒன்பதாவது துண்டில் ஒன்றுமில்லை.

“ஏனுங்க சம்பந்தி, இப்படிச் செய்யலாமா?” என்றேன். எனக்கும் அந்த ‘ங்க’ தொற்றியிருந்தது.

“ஊரே பொட்டு வெச்சுக்கிட்டு நிக்குது” என்றார் வலியில் கண்ணை மூடிக்கொண்டு. “அது மட்டும் மூளியா நிக்குது. ரெண்டு மாசமா எங்க கண்ணோட சேந்து அதும்தானுங்க ஒழைக்குது. கையுறை போட்டுட்டுத்தான் போனேன். நீங்க சொன்ன மாதிரியே கழட்டிக்கூட வெச்சேன். கடைசி எலைக்கு எட்டி வெக்கும்போது மணிக்கட்டுல உரசிப்போட்டுது.”

“அப்ப ஏன் மாமா சொல்லல?” என்று கேட்டாள் ரேவதி.

குத்து வாங்கியதாகச் சொன்னால், எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்குப்படி அவரே டீசல் ஊற்ற வேண்டும். அதனால்தான் அந்த வலியோடு, துண்டுக்குள் கையை மறைத்துக்கொண்டு, பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்.

மரியபுஷ்பம் டேப்பை விரலிலிருந்து உரித்தபடி ஆரம்பித்தார்.

“மொதலாளி, டீசல் கேன் எங்க இருக்கு? எடுத்துட்டு வரட்டா?”

சென்னியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். “டீசலு வேன் ஓட்டறதுக்குப் புள்ள. நான் சொன்னது, செடி போயி ஒருத்தரு மேல பட்டா. இது நானாப் போயி அது மேல பட்டது. அதுக்கு அது என்னங்க பண்ணும்?”

அப்போது எழுந்த சிரிப்பில் தோரணம் ஆடியது. கதிர்வேல் அவரை வேனில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார். ஊசி, மாத்திரை. அடுத்த சில நாட்கள் பனியன் அடைக்கிற பாலிதீன் கவரை வலது கையில் கட்டிக்கொண்டுதான் குளித்தார். அதன்மேல் ‘எக்ஸ்எல்’ என்று போட்டிருந்தது.

ரேவதி அன்று பொரிகூடச் சாப்பிடவில்லை. நாலாவது கையுறையைக் குறடால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலிலும் உள்ளங்கையிலும் ரப்பரைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. சிவந்தது ரிப் பட்டை இருந்த இடம் மட்டும்தான். பிறகு மரக்கையைக் கையில் எடுத்தாள். நெற்றியில் பொட்டு வைத்தது போலப் பொட்டு வைத்திருந்த அந்த மரக்கை, மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

“இதுக்கு மணிக்கட்டே இல்ல பெரியப்பா! இல்லாத இடத்துல எப்படிச் சோதிப்போம்? நீங்க எண்ணினீங்க, நான் பார்த்தேன், ரெண்டு பேருக்கும் தெரியலையே!”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இரண்டு தடவை எண்ணினேன். ஆனால் பட்டையில் ஒரு தடவைகூட எண்ணவில்லை. இந்தக் கையுறை கடல் தாண்டிப் போயிருந்தால், முகம் தெரியாத ஒரு காட்டு வேலைக்காரனின் மணிக்கட்டு சிவந்திருக்கும். மாதிரி நாலாவது தடவையும் திரும்பியிருக்கும்.

பார்சலை நிறுத்தினாள். புதுக் கையுறை முழங்கை வரை நீண்டது. முழுவதும் ரப்பர். ரிப் பட்டை, இலை எட்டாதபடி முழங்கைக்கு மேலே ஏறிக்கொண்டது. மரக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு, முழங்கைக்கு மேல் வரை உள்ள ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்தார்கள். ஒவ்வொரு அங்குலமாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பட்டை உட்பட. சுத்தம்.

நான் புறப்படும் நாள் காலை, சென்னியப்பன் கூண்டருகே நின்று என்னைக் கூப்பிட்டார். “சம்பந்தி, இங்க வந்து பாருங்க. பன்னெண்டு.”

உண்மைதான். நுனியில் ஒரு புது இலை, குழந்தையின் உள்ளங்கை அளவுக்கு. மற்ற பதினொன்றிலும் சந்தனம் காய்ந்து பொட்டுப் பொட்டாக இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

“வெச்சுப்போடலாமுங்களா?”

“ஐயோ, வேண்டாமுங்க!”

“கையுறை நல்லதுன்னு நீங்கதான எண்ணிச் சொன்னீங்க?”

அவர் முகமூடி போட்டுக்கொண்டார், புதுக் கையுறையை முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொண்டார். ரேவதி சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். அதற்குள் இஸ்திரிக் கொட்டகை, செக்கிங் மேசை, கட்டிங் எல்லாம் காலியாகிக் கூண்டைச் சுற்றி நின்றன. அவர் பெரிய இலைகளுக்கு நடுவே கையை நுழைத்தார். இலைகள் மணிக்கட்டிலும் முன்கையிலும் தாராளமாக உரசின. நுனி இலையில் நிதானமாகச் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்து, கையை எடுத்தார். கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துப் பீப்பாய்மேல் வைத்தார். முகமூடியை எடுத்தார். வெறுங்கையை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார்.

மரியபுஷ்பம் குலவையிட்டார். அவர் ஊர்க்காரப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சஞ்சய் விசில் அடித்தான். சென்னியப்பன் அந்த வலது கையாலேயே எனக்கு ஒரு டப்பா வெண்ணெயைக் கொடுத்தார். “ப்ளேன்ல உருகாம பாத்துக்கோங்க” என்றார். உருகிவிட்டது. பாஸ்போர்ட்டில் மூன்று பக்கம் இன்னும் நெய் மணம்.

தைப்பிங்குக்கு வந்து சேர்ந்த பிறகு ரேவதி போன் செய்தாள். ஆஸ்திரேலியாக்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டார்களாம். கொட்டகையில் இன்னும் நாலு மேசை போடப்போகிறார்களாம். மாமனார் தினமும் காலையில் இலை எண்ணுகிறாராம். இன்று பதினைந்தாம்.

போனை வைத்துவிட்டு, அவள் எனக்குக் கொடுத்தனுப்பிய ஒரு ஜோடிக் கையுறையை எடுத்தேன். கோட்டு, முகமூடி, கண்ணாடி, பூட்சு எல்லாம் மாட்டிக்கொண்டு பின்பக்கக் கால்வாய் ஓரம் போனேன். நாலு தடவை திரும்பி வரலாமா என்று நினைத்தேன். பிறகு கையை நீட்டினேன்.

நான் கையை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, பயந்த குரலில் கேட்டார்: “என்ன இது, உங்க ஜெலாத்தாங் இலையில சிவப்பா ஏதோ இருக்கே, வியாதியா?”

“வியாதி இல்லை” என்றேன். “எங்கள் சம்பந்தி வீட்டில் உழைக்கிற எல்லாருக்கும் வருடத்தில் ஒரு நாள் இதை வைப்பார்கள்.”

“இது என்ன உழைத்தது?”

“இதன் பங்காளி உழைத்தது” என்று சொல்லி, முழங்கை வரை கையுறை போட்ட கையை உயர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினேன்.